வரிகளுக்கு நடுவே வீசிய காற்று

அனல்குடிக்குக் காற்றே வருவதில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. மேற்கு மலையில் பிறந்து, கரிசல் காட்டின் மேல் தாவித் தாவி ஓடிவந்து, ஊர் விளிம்பில் வரிசையாக நிற்கும் தீப்பெட்டி ஆபீசுகளின் தகரக் கூரைகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, சூடு பொறுக்காமல் கையை உதறிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் காற்றுத்தான் அந்த ஊருக்கு வாய்த்த காற்று. தொழிற்சாலை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்றே சொல்வார்கள்; அந்த ஆபீசுகளின் நீண்ட கொட்டகைகளில் தரையில் அமர்ந்து பெட்டிகளில் குச்சி அடைக்கும் பெண்களின் தலைக்கு மேலே மின்விசிறி சுழல்வதும் இல்லை, ஏனென்றால் விசிறி சுழன்றால் குச்சி பறக்கும், லேபிள் பறக்கும், மருந்துத் தூள் பறந்து எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில், பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில், கைப்பேசியில் வெளிவரும் செய்தித்தாளின் இரண்டு வரிகளுக்கு நடுவிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. அதை முதன்முதலில் முகத்தில் வாங்கிக்கொண்ட சுடலைவடிவு என்ற குச்சி அடைக்கும் பெண், அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, முந்தானையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள்.

அந்த வரிகளை அடுக்கி வைத்தவள் வெயிலுகந்தாள். ஊர் அம்மனின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். வெயிலை உகந்தவள் என்று பெயர் பெற்றவளின் கையாலேயே அந்த ஊருக்குக் காற்று வர வேண்டும் என்று இருந்திருக்கிறது. டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் அமைத்துக்கொண்டிருந்தவளை, 'அனல்குடிச் செய்தி' என்ற இணைய இதழை நடத்திய சுயம்புலிங்கம் அண்ணாச்சி அழைத்துவந்து, தமது குடோனுக்கு மேல்மாடியில் ஒரு கணினிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். அண்ணாச்சி ஊரின் பெரிய தீப்பெட்டி ஆபீசுக்கு முதலாளி. இதழ் நடத்துவது அவருக்குப் பிழைப்பு அன்று, பெருமை. வந்த செய்தி எதையும் தாம் தடுத்ததே இல்லை என்பதை அவர் கல்யாண வீடுகளிலும் துஷ்டி வீடுகளிலும் ஒரே குரலில் சொல்லி வந்தார்.

தடுத்ததில்லை என்பது உண்மையே. ஆனால் யாரும் படித்ததும் இல்லை. சென்னையில் ஒரு நிறுவனம் செய்து கொடுத்த சட்டகத்தில்தான் இதழ் வெளிவந்தது. அந்தச் சட்டகம் இங்கிலீஷ் எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. நம்முடைய எழுத்துகளோ தலைக்கு மேல் கொக்கி போட்டுக்கொண்டும் காலுக்குக் கீழ் சுழி போட்டுக்கொண்டும் நடப்பவை. அந்தச் சட்டையில் அவை திணறின. மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் கொக்கியும், திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் கூடையில் ஒருவர் பின்னல் மாட்டிக்கொள்வதுபோல, ஒன்றில் ஒன்று சிக்கிக் கிடந்தன. எழுத்தின் நிறமும் சாம்பல், தாளின் நிறமும் சாம்பல். ஏழை வீட்டு அடுப்பில் ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலைப் பிரித்தறிவதுபோலத்தான் அதைப் படிக்க வேண்டியிருந்தது. ஊரார் படத்தைப் பார்த்தார்கள், விரலால் தள்ளினார்கள், அடுத்த படத்தைப் பார்த்தார்கள். வெயிலுகந்தாளுக்கே வெள்ளெழுத்து வந்து சில காலம் ஆகியிருந்தது. தான் அமைத்த பக்கத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சொன்னவள் சுடலைவடிவு. பக்கத்து வீட்டுக்காரி; அண்ணாச்சியின் ஆபீசிலேயே குச்சி அடைப்பவள்; சின்ன வயதில் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தபோது எழுத்தை மட்டும் விடாமல் கையோடு கொண்டுவந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வாள். கைப்பேசியின் மேல் விரலை ஓட்டி ஓட்டித்தான் படிப்பாள். குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் அவள் இதழைத் திறந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, வெயிலுகந்தாளைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

"ஏளா வெயிலு, ஒரே வரியவே மூணு தடவ எழுதி வச்சிருக்கியே, ஒங்க மொதலாளிக்கு வேற சேதியே கெடைக்கலியா?"

குழாயடி சிரித்தது. வெயிலுகந்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கி, எங்கே இருக்கிறது மூன்று தடவை, காட்டு மதினி என்று கேட்டாள். சுடலைவடிவு காட்டினாள். அவள் விரல் வரியின் ஓரம்வரை போயிற்று. திரும்பி இடப்பக்கம் வந்தது. அடுத்த வரியில் இறங்க இடமில்லாமல், புறப்பட்ட வரியிலேயே மறுபடி ஏறிக்கொண்டது. மறுபடி ஓரம், மறுபடி அதே வரி. செக்கைச் சுற்றும் மாட்டைப்போல அந்த விரல் ஒரே வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை வெயிலுகந்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறைந்த குடத்திலிருந்து தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது.

மறுநாள் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல் சட்டகத்தைப் பிரித்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள், சாம்பலைத் துடைத்துவிட்டு அடுப்புக்கரியின் கறுப்பைக் கொடுத்தாள், ஒரு விரல் களைக்காமல் போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குமேல் எந்த வரியையும் நீளவிடவில்லை, படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த எழுத்துகளை இறக்கிவிட்டாள், கடைசியாக, வரிக்கும் வரிக்கும் நடுவே, கொக்கிக்காரரும் சுழிக்காரரும் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் போய்வரும்படி ஒரு தெரு விட்டாள். அந்தத் தெருவில்தான் காற்று வந்தது.

ஊர் அந்தக் காற்றைப் புரிந்துகொள்வதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஏற்றுக்கொள்வதற்கு நேரமே பிடிக்கவில்லை. முதலில் எல்லாரும் தவறாகத்தான் செய்தார்கள். டீக்கடைக்காரர் கைப்பேசியைக் கூரையில் விசிறிக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டார், காற்று வரவில்லை. முடிதிருத்தும் கடையில் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள்; வரவில்லை. பக்கம் திறந்திருந்தால் போதாது, ஒருவர் படிக்க வேண்டும். படிப்பதுபோல் பார்த்தாலும் போதாது, கண் ஒரு வரியை முடித்து, அதன் பொருளையும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த வரிக்குத் தெருவைக் கடக்க வேண்டும். கடக்கும் அந்த நொடியில் காற்று எழும்பி, படிப்பவரையும் அவரைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களையும் தடவிவிட்டுப் போகும். இது தெரிந்த பிறகு ஊரில் படிப்பவர்களுக்கு மதிப்பு வந்துவிட்டது. டீக்கடையில் உரக்கப் படிப்பவருக்கு ஓசியில் டீ கிடைத்தது. பெரிய வீட்டுக் கல்யாணமொன்றில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரை நிறுத்தி, தாலி கட்டும்வரை உள்ளூர்ச் செய்திகளைப் படிக்கவைத்தார்கள். கெட்டிமேளம் கொட்டியபோது அவர் குடிநீர்க் குழாய் உடைப்பைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. செய்திக்குத் தக்கபடி காற்றும் மாறிற்று. மலையில் மழை என்ற செய்தியில் மண்வாசனை வந்தது. நகராட்சிக் கூட்டச் செய்திகளில் சாக்கடை வாடை வந்தது. ஆனாலும் அது குளிர்ந்த சாக்கடை வாடை என்பதால் ஊரார் பொறுத்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து சிலர் கருவிகளோடு வந்து காற்றை அளந்தார்கள். அவர்கள் கருவியைப் பார்த்தார்களே ஒழியப் பக்கத்தைப் படிக்கவில்லை. ஆகையால் காற்று இல்லை என்று எழுதிக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி ஊர்போய்ச் சேர்ந்தார்கள்.

குச்சி அடைக்கும் கொட்டகைக்குத்தான் அந்தக் காற்று மிகவும் பொருத்தமாக அமைந்தது. குச்சியையும் லேபிளையும் அசைக்காமல், வியர்வையை மட்டும் தேடிப்பிடித்து ஒற்றி எடுக்கிற காற்று அது. சுடலைவடிவு கொட்டகையின் நடுவில் அமர்ந்து படிப்பாள். அவள் பங்குக் குச்சிகளை மற்றப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அடைத்துக் கொடுத்தார்கள். அவள் படித்ததோடு நிற்பவள் அல்லள், ஒவ்வொரு செய்திக்கும் தன் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்வாள். நகராட்சித் தலைவர் பேசியதைப் படித்தால், இந்த மனுசன் போன வருசமும் இதத்தான் சொன்னாரு, இப்ப வரிக்கு நடுவுல எடம் இருக்கதால நமக்குத் தெரியுது என்பாள். பெண்கள் சிரித்தார்கள், சிரிப்போடு ஊர் நடப்பும் அவர்கள் உள்ளே போயிற்று.

காற்று வருகிறது என்பதை அந்தக் கொட்டகையின் போர்மேன் தங்கப்பழமும் கவனித்தார். மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் அவருக்கு வெகுநாளைய தொந்தரவு. அவற்றின் வழியே புழுதி வந்தது, லேபிள் பறந்தது, அட்டைப்பெட்டிகளை அடுக்கச் சுவர் போதவில்லை. அவர் முதலாளியிடம் போய், போனிலேயே காற்று வருகிறபோது ஜன்னல் எதற்கு என்று கேட்டார். அண்ணாச்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. பலகை வைத்து, ஆணி அடித்து, ஜன்னல்களை மூடினார்கள்; மூடிய பலகைகளுக்கு முன்னால் கூரைவரை பெட்டிகள் ஏறின. சுடலைவடிவு மட்டும், நாங்க என்ன போனுக்குள்ளயா குடியிருக்கோம் என்று கேட்டாள். தங்கப்பழம் அடுத்த பெட்டியை ஏற்றச் சொன்னார். அன்றைக்கு மழைச் செய்தி இருந்ததால் மற்றவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் முழுவதும் இதழைப் படிக்கிறது என்று தெரிந்ததும் நகைக்கடைக்காரர்களும் தைலக் கம்பெனிக்காரர்களும் அண்ணாச்சியைத் தேடி வந்தார்கள். அண்ணாச்சி மேல்மாடிக்கு ஏறிவந்து, வெயிலுகந்தாளின் தோளுக்குப் பின்னால் நின்று, வரிகளுக்கு நடுவே விட்டிருந்த தெருக்களை, புறம்போக்கு நிலத்தைப் பார்க்கும் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டு எடத்த வெறுமனே போட்டு வச்சிருக்கியே, தாயி. பிளாட்டுப் போட்டா ஊரே குடியேறிரும்."

வரிகளை நெருக்கி, மிச்சமாகும் இடத்தில் விளம்பரங்களைக் குடியேற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். வெயிலுகந்தாள் மறுத்தாள், காற்று நின்றுவிடும் என்றாள், எழுத்துக்கு மூச்சு முட்டும் என்றாள். அண்ணாச்சி கோபப்படுகிறவர் அல்லர். அவர் சற்று யோசித்துவிட்டு, பக்கத்தின் உச்சியில், இதழின் பெயருக்கு நேர் கீழே, 'வடிவமைப்பு: வெயிலுகந்தாள்' என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். டி.டி.பி. கடையில் ஆயிரமாயிரம் பேருடைய பெயர்களைப் பூமாலைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே அழகாக அமைத்துக் கொடுத்தவள் அவள். தன் பெயரை எங்குமே அமைத்ததில்லை. அன்று மாலை அவள் தன் பெயரை உச்சியில் ஏற்றினாள். ஏற்றிய கையாலேயே தெருக்களை நெருக்கினாள். கொஞ்சந்தானே நெருக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுவாரம் இன்னும் கொஞ்சம் நெருக்கினாள்.

காற்று உடனே நின்றுவிடவில்லை, அதுதான் கொடுமை. மெலிந்தது, சூடேறிற்று, தைலத்தின் நெடி வந்தது. சித்திரை பிறந்தபோது, பகலில் நாய் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத வெயிலில், சுடலைவடிவு வேலை முடிந்து வந்து வெயிலுகந்தாளின் வாசலில் நின்றாள். அவள் சேலையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"எடத்த எங்க கொண்டுபோயி வச்ச, வெயிலு?"

அண்ணாச்சியிடம் பேசுகிறேன் மதினி என்று வெயிலுகந்தாள் சொன்னாள். சுடலைவடிவு சரி என்று தலையாட்டிவிட்டு, போகிற போக்கில், ஓம் பேரு மட்டும் நல்லாத் தெரியுது, கண்ணாடி இல்லாமலே படிச்சிட்டேன் என்றாள். அவள் குத்திக்காட்டினாளா பாராட்டினாளா என்பதை வெயிலுகந்தாளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணாச்சியிடம் பேசுவதை நாளைக்கு என்று வைத்தாள். அந்த நாளை வந்தபோது அடுத்த நாளைக்கு என்று வைத்தாள்.

கொட்டகையில் சுடலைவடிவு படித்துக்கொண்டே இருந்தாள். காற்று குறையக் குறைய, தன் படிப்பில்தான் ஏதோ குறை என்று நினைத்தவளைப்போல, இன்னும் கவனமாக, இன்னும் அழுத்தமாக, எழுத்துகளின் சந்துகளில் விரலை நுழைத்து நுழைத்துக் காற்றைத் தேடினாள். ஒரு பிற்பகலில் அவள் வெயில் எச்சரிக்கைச் செய்தியைப் படித்தாள். மதிய வேளையில் பொதுமக்கள் வெளியே செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு வரி. ஓரம்வரை போன அவள் விரல் திரும்பி வந்தது. மதிய வேளையில் பொதுமக்கள் வெளியே செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்று மறுபடி படித்தாள். பெண்கள் சிரித்தார்கள், குழாயடியில் நடந்த பழைய கதை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது முறையும் அதே வரியைப் படித்தபோதும் சிலர் சிரித்தார்கள். நான்காவது முறை பாதி வரியில் குரல் நின்றது. சுடலைவடிவு தன் மடியில் கிடந்த குச்சிகளின் மேல் கவிழ்ந்தாள். ஜன்னலைத் திறவுங்கள் என்று யாரோ கத்தினார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் பெட்டிகள் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

பழைய நெஞ்சுவலி என்று ஆபீசில் சொன்னார்கள். இதழின் செய்தியாளர் கொட்டகைப் பெண்களிடம் பேசி, நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொண்டுவந்தார்: ஜன்னல்கள் அடைக்கப்பட்டது, அடைத்தவர் பெயர், அடைக்கச் சொன்னவர் பெயர், உள்ளே இருந்த வெக்கை எல்லாம் அதில் இருந்தன. அண்ணாச்சி அதைத் தமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு மேல்மாடிக்கு வந்து, வெயிலுகந்தாளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. சுடலைவடிவை அவருக்கும் தெரியும்.

"வந்த சேதிய நான் தடுத்ததில்ல, வெயிலு. இதையும் தடுக்கச் சொல்லல. போடு. ஆனா ஒடுக்கிப் போடு."

எப்படி ஒடுக்குவது என்பதையும் அவரே விவரித்தார்: பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பழைய சாம்பல் நிறத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்ட வரிகளாய், பத்தி பிரிக்காமல், இரண்டு தைல விளம்பரங்களுக்கு நடுவே. போட்டதுபோலவும் இருக்க வேண்டும், யார் கண்ணிலும் படாததுபோலவும் இருக்க வேண்டும். அப்படி வந்துவிட்டால் அடுத்த வாரம் ஊர் வேறு பேச்சுக்குப் போய்விடும், பலகைகள் அப்படியே இருக்கும், சுடலைவடிவு இருந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்காருவாள் என்பது அவர்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

வெயிலுகந்தாள் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"படிக்க முடியாதபடி போடுதது பொய் சொல்லுதத விட மோசம், அண்ணாச்சி. பொய்யின்னா எதுத்துப் பேச ஒரு வரியாவது கெடைக்கும்."

"நீ எங்கிட்ட வேல பாக்க."

"இம்புட்டு நாளும் பாத்தேன். ஒங்களுக்கு எடத்த நெரிச்சுக் குடுத்தது நாந்தான். என் கை தெரிஞ்சு செஞ்சது. இனிமே அது நெரிக்காது."

அண்ணாச்சி எழுந்து, யோசித்துச் செய் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப்போனார். யோசித்துச் செய் என்றால் சொன்னபடி செய் என்பதுதான் அவருடைய அகராதியில் பொருள். இத்தனை வருடத்தில் அதற்கு வேறு பொருள் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை.

வெயிலுகந்தாள் யோசித்தாள். யோசித்தபடியே பக்கத்திலிருந்த தைலத்தை எல்லாம் துடைத்தாள், நகையை எல்லாம் கழற்றினாள். மறுபடி அடுப்புக்கரியின் கறுப்பில் எழுத்தை எடுத்தாள்; அரிசி கழுவிய தண்ணீரைப்போலக் கண்ணை உறுத்தாத வெண்மையில் தரையைப் பூசினாள்; சுடலைவடிவின் விரல் எவ்வளவு தூரம் போய் எந்த இடத்தில் களைத்துத் திரும்பும் என்பதை நினைவிலிருந்து அளந்து, அந்த இடத்தில் வரியை மடக்கினாள்; ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடியதை ஒரு பத்தியாக்கி, அடுத்த பத்திக்கு முன்னால் மூச்சு வாங்க இடம் விட்டாள்; தலைப்பில் புதிர் வைக்காமல், 'ஜன்னல் அடைத்த கொட்டகையில் சுடலைவடிவு இறந்தாள்' என்று, என்ன நடந்ததோ அதையே எழுதினாள். வரிகளுக்கு நடுவே முன்பு தெரு விட்டிருந்த இடத்தில் இப்போது தேர் போகும்படி வீதி விட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, உச்சியில் பெரிதாக நின்ற தன் பெயரை இறக்கினாள். அந்த இடத்தில் வேறு எதையும் ஏற்றவில்லை. விரலை வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை படித்தாள்; விரல் எங்கும் வழி தப்பவில்லை. நடுப்பகல் சாப்பாட்டு மணி அடித்தபோது பக்கத்தை வெளியிட்டுவிட்டு, தூக்குச்சட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள்.

அண்ணாச்சி அதைத் தம் கைப்பேசியில் கண்டதும் சென்னை நிறுவனத்துக்குப் போன் போட்டு, அந்தச் செய்தியை உடனே சுருக்கும்படி சொன்னார். அங்கே இருந்தவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது; எந்தெந்த வரியைச் சுருக்க வேண்டும், வாசித்துக் காட்டுங்கள் சார் என்று கேட்டார். அண்ணாச்சி வாசிக்கத் தொடங்கினார். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே எழும்பிய காற்று அவருடைய மேசையிலிருந்த ரசீதுகளைத் தூக்கிற்று. ஐந்தாம் வரியில் சுவர்க் காலண்டர் கழன்றது. தம் பெயர் வந்த வரியைத் தவிர்க்கப் பார்த்தார், ஆனாலும் எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்ததால் அவரால் தாண்டிப்போக முடியவில்லை. கடைசி வரையில் வாசித்து முடித்தார். எதைச் சுருக்க வேண்டும் சார் என்று சென்னையிலிருந்து திரும்பக் கேட்டார்கள். அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

அதே வேளையில் கொட்டகையில் பெண்கள் படித்தார்கள். சுடலைவடிவு இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, அதைச் சுற்றி அமர்ந்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி அல்ல, எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலாய், ஒரே வரியை ஒரே நேரத்தில் கடந்து படித்தார்கள். இந்த முறை வந்த காற்றில் மண்வாசனை இல்லை, தைல நெடி இல்லை, எதன் வாசனையும் இல்லை. அது வியர்வையை ஒற்றிக்கொண்டு போவதற்கு வந்த காற்றாகவும் இல்லை. குச்சிகள் எழும்பின, லேபிள்கள் கூரைக்குப் பறந்தன, அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்தன, அவற்றுக்குப் பின்னால் பலகைகளில் இறுக அறைந்திருந்த ஆணிகள், வேப்பம்பழம் உதிர்வதுபோல ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன. மேற்குப் பக்கம் முழுவதும் வெளிச்சமாயிற்று.

தங்கப்பழம் சுத்தியலும் கையுமாக ஓடிவந்தார். உதிர்ந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு முதல் ஜன்னலுக்குப் போனபோது, அங்கே நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் தன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அடிங்க. யாரும் தடுக்கல. ஆனா இத ஒரு தடவ படிச்சிட்டு அடிங்க."

தங்கப்பழம் படித்தார். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தவர் போர்மேன் தங்கப்பழம் என்ற வரியில் அவர் நின்றார். தம் பெயரை அச்செழுத்தில் அவர் தம் கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை பார்த்திருந்தார். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறார். வேறு வரியோ என்று கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். மேலும் கீழும் அவ்வளவு இடம் இருந்தது, அந்த வரியை வேறு வரியாக நினைத்துக்கொள்ள வழியே இல்லை. சுத்தியலை ஜன்னல் கட்டையில் வைத்தார். அது இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. அதை எடுக்கவோ அடிக்கவோ யாரும் முன்வரவில்லை.

அன்று சாயங்காலம் மேற்கு மலையிலிருந்து வழக்கம்போலக் காற்று வந்து, தகரக் கூரைகளைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு, போகிற போக்கில் திறந்திருந்த ஜன்னல்கள் வழியாகக் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு வரிகளுக்கு நடுவே காற்று வீசவில்லை. கைப்பேசியைத் திறந்தார்கள், படித்தார்கள், தெருவைக் கடந்தார்கள், ஒன்றும் வரவில்லை. இனி ஊர் பழையபடி படத்தைத் தள்ளிவிட்டுப் போகும் என்று எதிர்பார்த்தவர்கள் சிலர் உண்டு. ஊர் போகவில்லை. டீக்கடையில் படித்தார்கள், வியர்த்துக்கொண்டே படித்தார்கள். கல்யாண வீட்டில் படித்தார்கள். கொட்டகையில் நகராட்சித் தலைவர் பேச்சுக்கு வேறொருத்தி தீர்ப்புச் சொன்னாள்.

வெயிலுகந்தாள் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தனியாக ஓர் இதழ் தொடங்கினாள். செய்தியாளரும் அவளோடு வந்துவிட்டார். அந்தப் பக்கத்தின் உச்சியில் 'சுடலைவடிவு' என்று மட்டும் இருக்கும்; அதற்குக் கீழே, முதல் செய்தி தொடங்குவதற்கு முன்னால், ஒரு கையகலத்துக்கு எதுவுமே இருக்காது. ஊர் அதைத்தான் படித்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் சுயம்புலிங்கம் அண்ணாச்சி அந்த முன்னறைக்கு வந்தார். அவள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் கொஞ்ச நேரம் ஊர் நலம் விசாரித்துவிட்டு, தம் கைப்பேசியைத் திறந்து, பெயருக்குக் கீழே இருந்த அந்தக் கையகல வெண்மையைக் காட்டினார்.

"இந்த எடத்துக்கு என்ன வெல சொல்லுத, தாயி? வெறுமனேதான கெடக்கு."

வெயிலுகந்தாள் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் அப்போது ஒரு வரியின் சுழி அடுத்த வரியின் கொக்கியில் இடிக்காமல் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அது வெறும் எடம் இல்ல, அண்ணாச்சி. அங்க ஆள் இருக்கு."